லேபிளில் எழுதியிருந்தது

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில், விக்கிரவாண்டியில் எங்கள் வீட்டில் நான்கு பேட்டரிகள் இருந்தன. கைபேசிகளில் இரண்டு, அம்மாவின் எமர்ஜென்சி விளக்கில் ஒன்று, அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய பவர் பேங்க் ஒன்று. 2024 நவம்பர் 30. திண்டிவனத்திலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தவள் மாட்டிக்கொண்டேன். மின்சாரம் போய்விட்டது. புயல் நகராமல் தலைக்கு மேலேயே நின்று கொட்டியது. மயிலத்தில் அந்த ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை என்று பிறகு படித்தேன். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கும் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் நின்றன. ஆனால் அன்றிரவு எங்களுக்கு எதுவும் தெரியாது. என் கைபேசியில் பதினொரு சதவீதம் மிச்சம்.

பவர் பேங்கைத் தேடி எடுத்தது அம்மாதான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, பூரி மாதிரி உப்பிக்கீது?"

"கீழ வைம்மா. அமுக்காத. மெதுவா வை."

கையில் துணி சுற்றி வாங்கி, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த மணல் சட்டியில் புதைத்து, மேலே தகரம் ஒன்றைக் கவிழ்த்துவிட்டு நனைந்தபடி உள்ளே வந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "நீ அத்தப் பத்திதானே அத்தினி வருசம் படிச்ச? உள்ள இன்னாதான் கீது அதுல?"

ஆறு வருட ஆராய்ச்சிப் படிப்பு. முடித்தும் ஆறு வருடம் ஆகியிருந்தது. இந்தக் கேள்வியை அம்மா அதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் வைவாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள், போட்டோ எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அன்றிரவு வேறு வேலை இல்லை. சொன்னேன்.

லித்தியம் அயனி பேட்டரியைப் பிரித்தால் உள்ளே சுருட்டி வைத்த தாள்கள் இருக்கும். ஒன்று அலுமினியத் தாள், ஒன்று செப்புத் தாள். அலுமினியத்தின் மேல் ஒரு கறுப்புப் பூச்சு, அது நேர்முனை. கோபால்ட் ஆக்சைடாகவோ, நிக்கலும் மாங்கனீசும் கோபால்ட்டும் கலந்ததாகவோ, இரும்பு பாஸ்பேட்டாகவோ இருக்கும். லித்தியம் முதலில் குடியிருப்பது அங்கேதான். செப்பின் மேல் கிராஃபைட் பூச்சு, பென்சிலில் இருக்கும் அதே கரி. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. எல்லாவற்றையும் நனைத்தபடி எலக்ட்ரோலைட் என்கிற திரவம். சார்ஜ் போட்டால் லித்தியம் இந்தப் பக்கத்திலிருந்து நீந்திப் போய்க் கரியின் அடுக்குகளுக்குள் உட்காரும். பயன்படுத்தினால் திரும்பி வரும்.

"பொறந்த வூட்டுக்கும் புகுந்த வூட்டுக்கும் போய் வரா மாதிரியா?" என்றாள் அம்மா.

இந்த உவமையை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அதில் தப்பில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் லித்தியம் வீணாகிறது. எலக்ட்ரோலைட் கரியின் மேல் சிதைந்து ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது, லித்தியத்தில் ஒரு பங்கு அதற்குள் சிக்கி நிரந்தரமாக நின்றுவிடும். அந்தப் படலம் இருப்பதால்தான் மேற்கொண்டு சிதையாமல் பேட்டரி வருடக்கணக்கில் ஓடுகிறது. பழசானாலோ சூடானாலோ படலம் கிழிந்து, திரவம் மறுபடி சிதைந்து, வாயு கிளம்பும். வெளியே போக வழியில்லாத வாயுதான் பூரியாக உப்பியது.

"ஒங்கப்பா பேட்டரில மூடி இருக்கும். தெறந்து தண்ணி ஊத்துவாரு," என்றாள்.

அப்பாவுக்கு நெடுஞ்சாலை ஓரம் பேட்டரி சார்ஜ் போடும் கடை இருந்தது. லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, கல்யாணக் காலத்தில் மைக் செட்காரர்களின் பேட்டரி. எல்லாம் ஈயமும் அமிலமும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது, அடர்த்தி பார்ப்பது, கெட்ட தகடுகளைப் பிடுங்கி மாற்றுவது, முனை தேய்ந்துபோனால் ஈயம் உருக்கி ஊற்றுவது எல்லாம் அவரே. நானும் தம்பியும் பள்ளிவிட்டு வரும் வழி அது. தம்பி உள்ளே போவான். ஹைட்ரோமீட்டரை வைத்து விளையாடுவான். நான் வாசற்படியில் நிற்க வேண்டும். "பொம்பளப் புள்ள வர்ற எடமில்ல, ஆசிட்டு தெறிக்கும்," என்பார் அப்பா. தம்பி மேல் தெறிக்காதா என்று கேட்கும் வயதில்லை எனக்கு. மதியச் சாப்பாடு கொண்டுபோகும் அம்மாவும் வாசலோடு சரி. கடைக்குள் போகாமலே நாங்கள் இருவரும் பத்திரமாக இருந்தோம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நான் வேதியியல் எடுத்தது அந்த வாசற்படியில் நின்றதால்தான் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. விழுப்புரத்தில் கல்லூரியில் சேரப்போன அன்று கணிதத்தில் இடமில்லை. வேதியியலில் இருந்தது. பிறகு பிடித்துப்போனது.

2012-இல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். நேர்முனைப் பொருளும் அதற்கேற்ற ஜெல் எலக்ட்ரோலைட்டும் என் தலைப்பு. பேட்டரி ஆராய்ச்சி என்றால் தமிழ்நாட்டில் காரைக்குடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் பெருமையோடு சொல்லும் இன்னொரு பெயர் ஆறுமுகம் மந்திரம். தென்தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, ஜான் குட்இனஃபிடம் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், அவரோடு டெக்சாஸ் போனவர். ஆக்சைடுக்குப் பதிலாக சல்ஃபேட் போன்ற கூட்டயனிகளை நேர்முனையில் வைத்தால் இரும்பிலிருந்தும் கூடுதல் மின்னழுத்தம் கிடைக்கும் என்று 1980களில் அவரும் குட்இனஃபும் காட்டினார்கள். அந்தப் பாதையில்தான் 1997-இல் இரும்பு பாஸ்பேட் வந்தது. நான் ஆறு வருடம் அரைத்த பொடி அதுதான். 2019-இல் வேதியியல் நோபல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் கிடைத்தபோது, 97 வயது குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை வாசித்தவரும் மந்திரம்தான். அந்தக் காணொளியைக் கைபேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். நம்ம ஊர்க்காரர் என்றதும் கவனமாகப் பார்த்தாள். பரிசு வாங்கிய மூவரின் படத்தைப் பார்த்துவிட்டு, "மூணு பேரும் ஆம்பளைங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆய்வகத்தில் ஒன்பது பேரில் மூன்று பேர் பெண்கள். முதல் நாளே தெரிந்தது கையுறைப் பிரச்சினை. லித்தியம் ஈரத்தோடு சேராது. எலக்ட்ரோலைட்டில் இருக்கும் லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் உப்பு துளி ஈரம் பட்டாலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் கக்கும். அதனால் செல்லை ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான் அடைக்க வேண்டும். பெட்டியின் சுவரிலேயே பொருத்தியிருக்கும் தடித்த ரப்பர் கையுறைகளுக்குள் வெளியிலிருந்து கையை விட்டு வேலை செய்வோம். அந்தக் கையுறைகள் ஆண் கையளவு. என் விரல் நுனிக்கு அப்பால் ஓர் அங்குலம் காலியாகத் தொங்கும். அந்த வெற்று விரல்களால் இரண்டு சென்டிமீட்டர் அகல நாணய செல்லுக்குள் வட்டமாக வெட்டிய சவ்வைச் சுருங்காமல் வைக்க வேண்டும். வியர்வையில் கை ஊறும். முதல் மாதம் நான் செய்த செல்களில் பாதிக்கு மேல் ஷார்ட். "பொண்ணுங்களுக்குப் பொறுமை ஜாஸ்தின்னு சொல்வாங்க, உனக்கு இல்லையே," என்றார் ஒரு சீனியர். பொறுமைக்கும் கையுறை அளவுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

இரண்டாவது, விடுதி நேரம். ஒரு செல்லை நிதானமான வேகத்தில் சோதித்தால் ஏற்ற பத்து மணி நேரம், இறக்கப் பத்து மணி நேரம். பொருள் நன்றாக இருக்கிறது என்று சொல்ல இப்படிப் பல சுற்றுகள் வேண்டும். பேட்டரிக்கு ராத்திரி பகல் கிடையாது, எங்கள் விடுதிக்கு உண்டு. எட்டு மணிக்குக் கதவடைப்பு. நான் சேர்ந்த ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. நள்ளிரவில் மின்சாரம் போய் சோதனைக் கருவி நின்றால், பையன்கள் லுங்கியோடு ஓடிவந்து மறுபடி இயக்குவார்கள், அவர்கள் செல்களை மட்டும். என்னுடையவை காலைவரை செத்துக் கிடக்கும். இதற்கு யாரும் வில்லன் இல்லை. விடுதிக் காப்பாளர் அம்மா நல்லவர், எங்களைப் பாதுகாக்கிறார். பாதுகாப்பு என்ற சொல்லை எப்போது கேட்டாலும் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தக் கதவில்தான் வந்தது.

மாவுக்கு வருகிறேன். நேர்முனையைச் செய்வது எளிது. பொடி எட்டுப் பங்கு, மின்சாரம் கடத்தக் கரித்தூள் ஒரு பங்கு, ஒட்டுவதற்கு பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக் ஒரு பங்கு. பிளாஸ்டிக்கைக் கரைக்க என்.எம்.பி. என்ற திரவம். அரைத்துக் கலக்கினால் கறுப்புத் தோசை மாவு. அலுமினியத் தாளில் ஊற்றி, ஒரு தகட்டால் சீராக இழுத்து, 120 டிகிரியில் இரவெல்லாம் வெற்றிட அடுப்பில் உலர்த்த வேண்டும். மாவின் பதம்தான் எல்லாம். நீர்த்தால் திட்டுத் திட்டாகும், கெட்டியானால் வெடிக்கும். "உங்களுக்குத்தான் பதம் தெரியுமே," என்று சொல்லி மாவு வேலையை ஆய்வகத்தில் பெண்களிடமே தள்ளினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிட எரிச்சல் தந்த விஷயம், நான் அதில் உண்மையிலேயே கெட்டிக்காரி. கரண்டியை உயர்த்தினால் மாவு எப்படி விழ வேண்டும் என்று அம்மாவிடம் பார்த்தது கை மறக்கவில்லை. மற்றவர்களின் மாவையும் நானே கலக்கினேன். நான்கு வருடம்.

என்.எம்.பி. பெரிய பாட்டிலில் வரும். யாரோ அதைப் பழுப்பு நிறச் சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள். அதன் மேல் மாஸ்கிங் டேப்பில் பேனாவால் மூன்றெழுத்து. லேசான மீன் வாடை. மற்ற கரைப்பான்களைப் போல மூக்கில் ஏறாது, சட்டென்று ஆவியாகாது, 200 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அதனால் சாதுவான திரவம் என்று ஒரு நினைப்பு. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுவோம். போட்டிருந்த மெல்லிய லேடெக்ஸ் கையுறையைத் தாண்டி அது தோலுக்குள் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முகமூடியெல்லாம் சாம்பலாகப் பறக்கும் கரித்தூளுக்கு.

2014-இல் கல்யாணம். 2016-இல் கரு. பத்தாவது வாரத்தில் கலைந்தது.

அதைப் பற்றி நீளமாக எழுத முடியவில்லை. முண்டியம்பாக்கத்துக்கு ஆட்டோவில் போனது நினைவிருக்கிறது. கர்ப்பமாக இருப்பதை ஆய்வகத்தில் சொல்லியிருக்கவில்லை, அதனால் கலைந்ததையும் சொல்ல முடியவில்லை. டைஃபாய்டு என்று லீவ் லெட்டர் கொடுத்தேன். அந்த ஆண்டுதான் யு.ஜி.சி. விதிகளில் ஆராய்ச்சி மாணவிகளுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பு வந்திருந்தது. வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கருச்சிதைவானால் அப்போதைய மகப்பேறு பயன் சட்டப்படி ஆறு வாரம் இருந்தது. ஆராய்ச்சி மாணவிக்கு என்ன என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் கேட்கவில்லை. பத்து நாளில் திரும்பினேன்.

திரும்பிய வாரம் புதிய பாட்டில் வந்திருந்தது. இறக்குமதி. அட்டைப்பெட்டியைப் பிரித்து நான்தான் வெளியே எடுத்தேன். லேபிளில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மனித உருவம், மார்பில் நட்சத்திரம் வெடித்தது போல. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கலாம்.

பாட்டிலை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு தேடிப் படித்தேன். ஐரோப்பாவில் இது இனப்பெருக்கத்துக்கு நஞ்சு என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். கலிஃபோர்னியா 2001-லேயே பட்டியலில் சேர்த்திருக்கிறது. கையாள பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும், லேடெக்ஸ் போதாது. எல்லாம் இருந்தது. நான் பதம் பார்த்துக்கொண்டிருந்த நான்கு வருடமும் இருந்திருக்கிறது.

அதனால்தான் கலைந்தது என்று நான் சொல்லவில்லை. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை காரணம் தெரியாமலே கலைகின்றன. என்னுடையது அதில் ஒன்றாக இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதுதான் இதில் என்னை விடாமல் அரித்த விஷயம். மாமியார் ஜோசியரிடம் போய்க் காரணத்தோடு வந்தார். எனக்கு அந்த வசதி இல்லை.

கைடிடம் போனேன். என் கதையைச் சொல்லவில்லை. லேபிளைக் காட்டினேன். நல்ல கையுறை வாங்க வேண்டும், அடுப்பின் புகையை வெளியேற்ற வேண்டும் என்றேன். அவர் நிஜமாகவே கவலைப்பட்டார். மறுநாளே முடிவெடுத்தார்: பெண்கள் மூவரும் இனி மாவு கலக்க வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்கும் போக வேண்டாம். எழுத்து வேலை பாருங்கள், செல்களைப் பையன்கள் செய்து தருவார்கள். கையுறை வரவில்லை, வாயுப்போக்கி வரவில்லை. நாங்கள் வெளியே வந்தோம், அவ்வளவுதான். அடுத்து வந்த கட்டுரையில் என் பெயர் முதலிடத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கியது. செல்லைச் செய்தவன் முதல் பெயர், அது நியாயம்தானே. மற்ற இரண்டு தோழிகளும் என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. லேபிளை ஏன் காட்டினாய் என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்ட முதல் ஆள் நானல்ல என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம் 1982-இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஈயம் கருவைப் பாதிக்கும், ஆகவே மலடு என்று மருத்துவச் சான்று கொடுத்தால் தவிர, பெண்கள் ஈயம் படும் வேலையில் இருக்கக் கூடாது. வேலை போய்விடும் என்று ஒரு பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டார். ஐம்பது வயதான, விவாகரத்தான இன்னொரு பெண் வேறு வேலைக்கு மாற்றப்பட்டுச் சம்பளத்தை இழந்தார். வழக்குப் போட்டவர்களில் ஓர் ஆணும் இருந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அப்பாவாக விரும்புகிறேன், இரத்தத்தில் ஈயம் குறைய விடுப்புக் கொடுங்கள் என்று கேட்டவர் அவர். மறுத்துவிட்டார்கள். ஆணின் உடம்பு அந்த விதியின் கண்ணில் படவே இல்லை. 1991 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விதி பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிய முடிவு பெற்றோருடையது, முதலாளியுடையது அல்ல என்றது. ஈயம் ஆண்களையும் பாதிக்கிறது என்பதையும் சுட்டியது.

நம் ஊரிலும் இதே தடம் உண்டு. ஈய வேலைகளிலிருந்து பெண்களை விலக்கச் சொல்லி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-லேயே பரிந்துரைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு ஆபத்தான வேலைகளில் பெண்களை அமர்த்தத் தடை போட அரசுக்கு அதிகாரம் தந்தது. அதே சட்டம் இரவு வேலையிலிருந்தும் பெண்களை விலக்கியது. அந்த இரவுத் தடையைப் பெண் தொழிலாளர்கள் கேட்டு வாங்கி, மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 2000-இல் செல்லாதென்றது. பாதுகாப்பு ஏற்பாடுகளோடு இரவிலும் வேலை கொடுங்கள் என்றது. கதவை மூடுவது ஏற்பாடு ஆகாது. இதை எங்கள் விடுதிக் கதவுக்கு முன் யாராவது வாசித்துக் காட்டியிருக்கலாம்.

என் தப்புக்கு வருகிறேன். 2017-இல் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். கைடு அதற்குள் மாறிப் பதவி உயர்வில் போயிருந்தார், புதியவருக்கு லேபிள் கதை தெரியாது. பெண்கள் மறுபடி மேசைக்கு வந்திருந்தோம். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். என் உதவித்தொகையில் பியூட்டைல் கையுறை இரண்டு ஜோடி வாங்கி ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். "இதைப் போட்டுக்காம மாவு தொடாத," என்றேன். ஏன் என்று அவள் கேட்டாள். தோல் அரிக்கும் என்று சொன்னேன்.

உண்மையைச் சொன்னால் அவள் போய்க் கேட்பாள், கேட்டால் மறுபடி நாங்கள் எல்லாரும் வெளியே. எனக்குச் சமர்ப்பிக்க எட்டு மாதம் இருந்தது. என் செல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இதுதான் காரணம், இதைவிட நல்ல காரணம் எதுவும் இல்லை. 2018-இல் பட்டம் வாங்கினேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நன்றாக இருக்கிறது. சில வருடம் கழித்து அவளே எங்கோ அந்த லேபிளைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "அக்கா, உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. "அப்ப எனக்குச் சொல்லியிருக்கணும். முடிவு நான் எடுத்திருப்பேன்," என்றாள். முதலாளி எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்ன முடிவை அவளுக்காக நான் எடுத்திருந்தேன்.

அந்தப் புயல் இரவில் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன், போன் உட்பட. மெழுகுவர்த்தி அணைந்து எமர்ஜென்சி விளக்குக்கு வந்திருந்தோம். கரு கலைந்த விஷயம் அவளுக்குத் தெரியும். பாட்டில் விஷயம் தெரியாது. மழைச் சத்தத்தில் எதுவரை கேட்டாள் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்.

"ஈயம்னு சொன்னியே, அது அப்பா கடைல உருக்குவாரே அந்த ஈயமா?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு ரெண்டு போச்சு. ஒனக்கு முன்னாடி ஒண்ணு, தம்பிக்கு முன்னாடி ஒண்ணு. ஒங்கிட்ட சொன்னதில்ல."

"நீதான் கடைக்குள்ளயே போனதில்லையேம்மா."

"கடைக்குப் போவல. சட்டை வூட்டுக்கு வந்துதே." தினமும் ஒரு காக்கிச் சட்டை. உதறினால் சாம்பல் தூசி பறக்கும். அமிலம் தெறித்த பொத்தல்களை ஒட்டுப் போட்டுத் தைப்பாள். கொடியில் போடுவதற்கு முன் கையாலேயே தேய்த்துத் துவைப்பாள், வயிற்றில் நான் இருந்தபோதும்.

வேலையிடத்திலிருந்து உடையில் ஈயம் வீட்டுக்கு வருவது பற்றி நான் படித்திருக்கிறேன். பாடமாக நடத்தியும் இருக்கிறேன். எங்கள் வீட்டுக் கொடியை அந்தப் பாடத்தோடு நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. 1919-லிருந்து பெண்ணை ஈயத்திடமிருந்து காக்க எழுதப்பட்ட விதிகள் எல்லாம் பட்டறை வாசலில் நின்றுவிட்டன. நானும் அந்த வாசற்படியிலேயேதான் நின்றிருக்கிறேன். அம்மாவின் இரண்டுக்கும் காரணம் ஈயம்தானா என்று எனக்குத் தெரியாது. என்னுடையதைப் போலவே. "அதெல்லாம் சொல்ல முடியாதும்மா," என்றேன். "எனக்குத் தெரியும் சொல்ல முடியாதுன்னு," என்று சொல்லிவிட்டு அம்மா படுத்துக்கொண்டாள்.

இப்போது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். மாணவிகளில் பலர் முதல் தலைமுறை. கிருஷ்ணகிரிப் பக்கமும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் மின்வாகன வேலைகளுக்கு ஆளெடுக்கிறார்கள். 2021-இல் போச்சம்பள்ளி ஸ்கூட்டர் தொழிற்சாலையைப் பெண்கள் மட்டுமே நடத்துவார்கள் என்று அறிவிப்பு வந்தபோது என் வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன். இப்போது செல் தயாரிப்பும் இந்த மாநிலத்துக்கு வந்திருக்கிறது. பெரிய தொழிற்சாலைகளில் மாவு மூடிய கலங்களில் கலக்கப்படும், உலர்த்தும்போது ஆவியாகும் என்.எம்.பி.யைப் பிடித்துத் திரும்ப எடுப்பார்கள். எங்கள் ஆய்வகத்தைவிட அவை எவ்வளவோ மேல். ஆனாலும் கசிவு சரிசெய்பவர், கலத்தைக் கழுவுபவர் என்று யாரோ ஒருவர் இருப்பார். கிராஃபைட் பக்கத்துக்கு இந்தத் திரவம் தேவையே இல்லை. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்க்கும் செல்லுலோஸ் பசையை ரப்பர் பாலோடு தண்ணீரில் கரைத்தே பூசுகிறார்கள். இரும்பு பாஸ்பேட்டையும் தண்ணீரில் பூச முடியும். நிக்கல் அதிகமுள்ள பொருள்கள்தான் தண்ணீரில் கெடும். அதையும் சரிக்கட்ட உலகம் முழுக்க வேலை நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தொழிலாளர் உடம்பில் என்.எம்.பி. எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்து, 2020 மே முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்குப் பெண்களை வெளியேற்றச் சொல்லவில்லை.

புயல் முடிந்து கல்லூரி திறந்த பிறகு மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். பாடத்திட்டத்தில் இல்லாதது. ஆய்வகத்திலிருந்த எல்லாப் பாட்டில்களையும் மேசையில் அடுக்கி, லேபிளை வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு படத்துக்கும் பொருள், பொடி எழுத்தில் இருக்கும் வரி, எந்தக் கையுறை. மாஸ்கிங் டேப் ஒட்டிய பாட்டில் ஒன்பது இருந்தது. அதற்கெல்லாம் முழு லேபிள் எழுதவைத்தேன். மார்பில் நட்சத்திரம் வெடித்த படம் வந்தபோது என் கதையைச் சொன்னேன், கலைந்ததையும், தோல் அரிக்கும் என்று பொய் சொன்னதையும் சேர்த்து. வகுப்பில் இதெல்லாம் பேசலாமா என்று ஒரு சக ஆசிரியர் பிறகு கேட்டார். பேசலாம் என்றேன்.

"அப்ப இந்த வேலைக்குப் போகலாமா வேணாமா மேம்?" என்றாள் ஒருத்தி. போ, ஆனால் முதல் வாரமே லேபிள் எங்கே என்று கேள், தனியாகக் கேட்காதே, நாலு பேராகப் போய்க் கேளுங்கள், ஆண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். பின்வரிசையில் இருந்து இன்னொருத்தி, "எங்க அண்ணன் பேட்டரி உடைக்கிற எடத்துல வேல பார்க்கறான் மேம். அவன் சட்டையத் தனியா தொவைக்கணுமா?" என்றாள்.

தனியாக, உதறாமல், நனைத்து, முடிந்தால் அங்கேயே கழற்றி அங்கேயே துவைத்துவிட்டு வரச் சொல் என்றேன். முக்கியமாக, அவனையே துவைக்கச் சொல். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பவர் பேங்க் இன்னும் விக்கிரவாண்டியில் மணல் சட்டியில் இருக்கிறது. பேட்டரிக் கழிவை உற்பத்தியாளரே திரும்ப எடுக்க வேண்டும் என்று 2022-இல் விதி வந்துவிட்டது. விழுப்புரத்தில் நான் விசாரித்த இரண்டு கடைகளிலும் சிரித்தார்கள். குப்பை வண்டியில் போடக் கூடாது, வண்டியில் குப்பையைப் பிரிப்பவர்களும் பெண்கள்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது அம்மா கேட்டாள்: "அந்தப் பூரிய இன்னா பண்றது?"